யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார்

"யாரக் கேட்டு என்னிய அந்த அட்டையில எழுதி மாட்ன? அத்த மொதல்ல சொல்லு டீச்சர்."

"உங்க பேரை எழுதலம்மா. மீன்கார அம்மான்னுதான் போட்டிருக்கு."

"பேரு போடலியாம்! இந்தத் தெருவுல மீன்காரி எத்தினி பேரு கீறோம்? நூறு பேரா? நான் ஒருத்திதான கீறேன்!"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பிள்ளைங்க இருக்காங்க."

"மெதுவா இன்னா மெதுவா? இருபது வருசமா மீனு மீனுன்னு கூவிக்கினு கீற தொண்ட இது. இதுக்கு மெதுவா வராது."

பூவம்மாள் இடுப்பிலிருந்த அன்னக்கூடையை இறக்காமலே கத்திக்கொண்டிருந்தாள். அதன் அடியிலிருந்து ஐஸ் கரைந்த தண்ணீர் பள்ளி வராந்தாவில் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் யக்ஞநாராயணன் சண்டையைப் பார்க்கவில்லை, அந்தச் சொட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கியிருந்த மனிதர். அதற்குள் பள்ளியில் எதுவும் சிந்திவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை.

"உங்களுக்கு மத்தவங்க சரியா மரியாதை தரலைன்னுதான்மா பிள்ளைங்க எழுதியிருக்காங்க. உங்களைக் கொறச்சு எழுதல," என்றாள் ஜோதிலட்சுமி டீச்சர்.

"எனக்கு மரியாத தர்லன்னு உன்னாண்ட வந்து நான் அழுதனா? என்னிக்கி அழுதேன், சொல்லு."

அதற்குள் சந்திரிகா படியேறி வந்துவிட்டாள். எதிர் வீட்டு சிட்டிபாபுவின் மனைவி. செருப்பைக் கழற்றவில்லை. பள்ளிக்கூட நிலம் சிட்டிபாபுவின் தாத்தா கொடுத்தது, அதனால் அந்த வீட்டார் யாரும் அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை.

"டீச்சர், எங்க டாமியை எதுக்கு இதுல இழுத்தீங்க?"

டாமி என்பது நாய்.

சண்டை இங்கே கொஞ்சம் நிற்கட்டும். அது எங்கேயும் ஓடிவிடாது. அட்டை என்ன அட்டை என்று சொல்லிவிட்டு வருகிறேன். என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பள்ளி வராந்தா முழுதாகத் தெரியும். அதற்காகவே மாடி கட்டினேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அட்டையில் இருந்ததைப் படிக்க மட்டும் நான் கீழே இறங்கிப் போக வேண்டியிருந்தது.

எங்கள் தெரு கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகிற வழியில், ஏரியை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாம் நெல் வயல். வயல் வைத்திருந்தவர்கள் மனை போட்டு விற்று, மிச்சத்தில் போர்ஷன் போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். சிட்டிபாபுவுக்கு மட்டும் இந்தத் தெருவில் பதினோரு போர்ஷன். அப்படிப்பட்டவர் பிள்ளை ஹரிபிரசாத் ஏன் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான் என்றால், அப்பா அடுத்த தேர்தலில் நிற்பதாக இருந்தார். பிள்ளையைச் சேர்த்த அன்று எடுத்த போட்டோவை 'நம் பிள்ளை, நம் பள்ளி' என்று தெருவில் உள்ள எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. பையன் படித்துக்கொண்டே இருந்தான்.

ஜூன் மாதத்தில் ஜோதிலட்சுமி டீச்சர் வந்தாள். படப்பையிலிருந்து தினமும் ஸ்கூட்டி. இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, கண்ணாடி போட்டவள், யாரோடும் நின்று பேசமாட்டாள். அதுவே எங்களுக்கு ஒரு குறை. 'பிறரை மதிப்போம்' பாடத்தை முன்பிருந்த டீச்சர் பத்துத் தடவை சத்தம்போட்டுச் சொல்ல வைத்து முடித்துவிடுவார். தெரு முனை வரை கேட்கும். இவளுக்கு அது போதவில்லை. ஆளுக்கொரு நோட்டில் மூன்று கோடு போடச் சொன்னாள். உங்கள் வீட்டுக்கு யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், எதில் தண்ணீர் கொடுத்தீர்கள். இரண்டு வாரம் எழுத வேண்டும். யார் பெயரும் போடக் கூடாது, செய்கிற வேலையை மட்டும் போட வேண்டும். அதுதான் அவள் செய்த புத்திசாலித்தனம். படப்பையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, எங்கள் தெருவில் ஒரு வேலைக்கு ஓர் ஆள்தான் என்பது தெரியவில்லை.

அந்த இரண்டு வாரம் தெரு பட்ட பாடு கொஞ்சமல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளை நோட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பெரியவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனை ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு, சோபாவில் உட்காரச் சொல்லி, காபி போடட்டுமா என்று கேட்டார்கள். அவன் மிரண்டு சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டான். எங்கள் வீட்டிலும் நான்காம் வகுப்பில் ஒன்று படிக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அட்டை இப்போது இல்லை, நீங்கள் போய்ப் பார்க்கவும் முடியாது.

நோட்டுப் பக்கங்களையெல்லாம் கிழித்து ஒரு பெரிய அட்டையில் ஒட்டி, பெற்றோர் கூட்டம் நடந்த வெள்ளிக்கிழமை வராந்தாவில் மாட்டினாள். ஹரிபிரசாத்தின் பக்கம் நடுவில், நல்ல கையெழுத்தில் இருந்தது.

'பேங்கு சார் - சோபா - வெள்ளி டம்ளர். கட்சி மாமா மூன்று பேர் - சோபா, ஊஞ்சல் - கண்ணாடி டம்ளர். மீன்கார அம்மா - கேட்டுக்கு வெளியே நின்றார் - செடிக்கு ஊற்றும் பச்சை சொம்பு, கையில் ஊற்றினோம். டாமி - சோபா - எவர்சில்வர் கிண்ணம்.'

அதன் கீழே டீச்சர் சிவப்பு மையில் 'உண்மையாக எழுதினாய், மிக நன்று' என்று போட்டிருந்தாள்.

இப்போது சண்டைக்குப் போகலாம்.

"நாய எழுதச் சொல்லி நான் சொல்லல மேடம்," என்றாள் டீச்சர். "அவன் யார் யார் உட்கார்ந்தாங்களோ..."

"எங்க நாய் எங்க சோபாவுல உட்காரும். உங்களுக்கு என்ன? எங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எழுதிக் கொண்டாடான்னு பிள்ளையை அனுப்புறது பேரு படிப்பா? உளவு! எங்க வீட்டுத் தாத்தா குடுத்த எடத்துல உட்கார்ந்துகிட்டு எங்களையே உளவு!"

"தா, சந்திரிகாம்மா," என்று திரும்பினாள் பூவம்மாள். "உன் நாயப்பத்தி அப்பால பேசு. நான் மொதல்ல வந்துகினேன்."

"நீ என்னடி பேசுற? உனக்கு மக்கில தண்ணி குடுத்தேன், சொம்புல குடுத்தேன்னு ஊர் பூரா நீதான் சொல்லி வெச்சிருப்ப. இல்லன்னா பிள்ளைக்கு எங்கேந்து தோணும்?"

"நான் சொன்னனா? உம் புள்ள கண்ணால பாத்து எழுதிகீறான். எனக்கு ஏன்மா இந்தப் பேஜாரு?"

"மீன் நாத்தம் டம்ளர்ல புடிச்சிக்கும்னுதான் சொம்பு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டனா? ஒரு நாளாச்சும் டம்ளர்ல குடுன்னு கேட்டனா?"

இரண்டு பேரும் ஒரே ஆளைத் திட்ட வந்து, ஆளுக்கு ஆள் திட்டிக்கொண்டார்கள். டீச்சர் நடுவில் நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டரி வண்டியைக் கேட்டில் நிறுத்திவிட்டு அங்காளம்மாள் உள்ளே வந்தாள். தெருவையும் பள்ளியையும் சேர்த்துக் குப்பை அள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி. பெரும்பாக்கம் குடியிருப்பில் நான்காவது மாடியில் வீடு. பட்டணத்தில் ஆற்றோரம் இருந்தவர்களை அங்கே கொண்டுவந்து விட்டபோது வந்தவள். பூவம்மாளுக்கும் அவளுக்கும் ரொம்ப ஒட்டுதல். மத்தியானம் இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும்.

"இன்னாக்கா, இந்தக் கூவு கூவிகினு கீற?" என்று கேட்டபடி அங்காளம்மாள் அட்டையின் பக்கம் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக வந்தவள், ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பக்கத்தில் நின்றாள்.

"துப்பு...ரவு அக்கா. வாசப்படிக்குக் கீழே. பேப்பர் கப்." திரும்பினாள். "அக்கா, இது யாரு வூட்டுப் பக்கம்?"

பூவம்மாள் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடத்தில் நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

"எங்க வூடு," என்றாள் நிஷா. பூவம்மாளின் மகள், அதே நான்காம் வகுப்பு. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீதானம்மா சொன்ன, அவுங்களுக்கு டம்ளர்ல ஊத்தாத, கப்புல ஊத்துன்னு. டீச்சர் உண்மதான் எழுதணும்னாங்க."

பளாரென்று விழுந்த அறையில் நிஷாவின் ரிப்பன் அவிழ்ந்தது. அன்னக்கூடை சாய்ந்து நாலைந்து சங்கரா மீன் வராந்தாவில் வழுக்கிக்கொண்டு போயின. யக்ஞநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்காளம்மாள் குனிந்து மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பிறகு பள்ளிக் குப்பையை அள்ளி வண்டியில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள். பூவம்மாள் அவ்வளவு கத்தியது சொம்புக்காக இல்லை, அந்த ஓரத்துப் பக்கத்தை யாரும் படிப்பதற்குள் அட்டையைக் கழற்ற வைப்பதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பூவம்மாளின் பிழைப்பைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உறைக்காது. அவள் கானத்தூர் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். புருஷன் துலுக்காணம் இன்னும் அங்கே ஃபைபர் படகுக்குப் போகிறான், வாரத்தில் பாதி நாள் அங்கேயே. இவள் மகளோடு ஏரிக்கரையில் ஒற்றை அறையில் இருக்கிறாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, மூன்று பெண்களோடு சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கரைக்குப் போய், படகு வந்ததும் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு எட்டு மணிக்குள் தெருவுக்கு வந்துவிடுவாள். வந்து உட்காருகிற இடம் சிட்டிபாபு வீட்டுக் காம்பவுண்டு ஓரம். வயல் இருந்த காலத்துப் பம்புசெட்டுக் கல் ஒன்று அங்கே கிடக்கிறது. சுவருக்கு மேலாகப் புங்கமரம் கவிந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு குழாய். கல், நிழல், குழாய். மீன் விற்கிறவளுக்கு இந்த மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பது பெரிய விஷயம். அரிவாள்மணையைக் கல்லில் போட்டு உட்கார்ந்தால் வஞ்சிரத்தைக் கண்ணாடித் துண்டு மாதிரி அறுப்பாள். காரப்பொடி மீனைச் செதில் இல்லாமல் ஆய்ந்து தருவாள். "தோ இங்க வா, செவுள தூக்கிப் பாரு, ரத்தம் இன்னும் ஓடிக்கினு கீது" என்பாள். சந்திரிகா மட்டும் கேட்டுக்குள் நின்று கை நீட்டுவாள். முதல் போணி அவள்தான். பணத்தைக் கதவின் மேல் வைப்பாள். தாகம் என்றால் பச்சை சொம்பு வரும்.

சனிக்கிழமை காலை பூவம்மாள் வந்தபோது கல்லின் மேல் ஏழு சிமெண்டுத் தொட்டி. குரோட்டன்ஸ் செடி. சந்திரிகா அதே பச்சை சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"செடி. பாத்தா தெரியல?"

"நான் எங்க குந்துறது?"

"அதை உங்க டீச்சரைக் கேளு. எழுதித் தருவாங்க."

பூவம்மாள் எதிர்ச் சாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. குழாய் இல்லாததால் மீன் கழுவ ஆளை அனுப்பித் தண்ணீர் எடுக்கவேண்டியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், சிட்டிபாபு வீட்டு மாடியைப் பார்த்தார்கள், நாளைக்கு வாங்குகிறோம் என்றார்கள். பதினோரு போர்ஷன்காரர்களுக்கும் வாடகை ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. எனக்குச் சொந்த வீடு. இருந்தாலும் அன்றைக்கு நானும் வாங்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. வாரத்துக்கே பெரிய வியாபார நாள் அது. குடை மீனுக்கா ஆளுக்கா என்று முடிவுசெய்ய முடியாமல் இரண்டும் நனைந்தன. அரைக் கூடையோடு திரும்பிப் போனாள். அறையில் உப்புப் போட்டுக் கருவாடாகக் கொட்டிவைக்க, பக்கத்து அறைக்காரர்கள் நாற்றம் என்று கதவைத் தட்டினார்கள். துலுக்காணம் அன்று வந்திருந்தான்.

"மூட்ட கட்டு. குப்பத்துக்கே போயிரலாம்," என்றான்.

"போயி? அங்க வூட்டுக்கு வூடு மீனு. யாருக்கு விப்பேன், கடலுக்கா?"

"இங்க மட்டும் யாருக்கு வித்த இன்னிக்கி?"

"அந்தக் கல்லு வேணும்யா எனக்கு. அந்தக் கல்லாலதான் இவ ஸ்கூலுக்குப் போறா, நம்ம வூட்ல அடுப்பு எரியுது."

"அப்ப போயி கால்ல வுழு."

"வுழுவேன். வுழாம?"

நிஷா மூலையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். வாய்ப்பாடுதான். திருப்பிப் போட்டாள்.

காலில் விழவேண்டிய அவசியம் வரவில்லை. யக்ஞநாராயணன் ஞாயிறு சாயங்காலமே குடை பிடித்துக்கொண்டு சிட்டிபாபு வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டார். சோபாவில் உட்கார்ந்துதான். டாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முடிவு இதுதான்: திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பூவம்மாள் எல்லார் முன்னாலும் நின்று, அட்டையில் எழுதியது தப்பு, எனக்கு அந்த வீட்டில் டம்ளரில்தான் தண்ணீர் கொடுத்தார்கள் என்று சொல்லவேண்டும். சொன்னால் தொட்டிகள் போகும், கல் திரும்பக் கிடைக்கும். டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சிட்டிபாபு மேலதிகாரிகளுக்கு எழுதுவார்.

"பிள்ளைங்க எழுதினது உண்மை சார்," என்றாளாம் டீச்சர், போனில்.

"உண்மைதாம்மா. யாரு இல்லைன்னா? அதை ஏன் செவுத்துல மாட்டினே?"

"நாளைக்கு அந்தப் பிள்ளைங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"ஜோதிலட்சுமி, நீ இன்னும் முப்பது வருஷம் மூஞ்சியப் பாக்கணும். எனக்கு அஞ்சு மாசம். எனக்காகப் பாக்காம இரு."

திங்கட்கிழமை காலை பூவம்மாள் மீன் எடுக்கப் போகவில்லை. குளித்துத் தலைமுடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கேட்டில் டீச்சர் எதிரே வந்தாள்.

"நீங்க பொய் சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. நான் வேணும்னா அவங்ககிட்ட..."

"நீ பேசனது போதும். வாய மூடிக்கினு நின்னியானா அதுவே எனக்குச் செய்யற மரியாத."

மைதானத்தில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. சிட்டிபாபுவுக்கு, சந்திரிகாவுக்கு, யக்ஞநாராயணனுக்கு. டீச்சர் விறுவிறுவென்று வகுப்புக்குள் போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து பூவம்மாளின் பக்கத்தில் போட்டாள். பூவம்மாள் அதைப் பார்க்கவேயில்லை. காலியாக நின்றது. பிள்ளைகள் எல்லோரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியோர்களே, மாணவச் செல்வங்களே," என்று ஆரம்பித்த யக்ஞநாராயணன், அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், "பூவம்மா, சொல்லும்மா," என்றார்.

பூவம்மாள் சொன்னாள். சத்தமாக, கூவுகிற குரலில்.

"இந்த அட்டையில எழுதனது ராங்கு. சந்திரிகாம்மா வூட்ல எனக்கு டம்ளர்லதான் தண்ணி குடுத்தாங்க. எவர்சில்வர் டம்ளரு. உள்ளாற கூப்புட்டு குந்த வெச்சித்தான் குடுத்தாங்க."

"கேட்டீங்களா?" என்றாள் சந்திரிகா, நாற்காலியில் இருந்தபடியே எல்லார் பக்கமும் திரும்பி.

வரிசையில் நின்ற ஹரிபிரசாத்துக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "நான் பொய் எழுதல," என்றான் மெதுவாக. சிட்டிபாபு ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டான். நிஷா தலை குனிந்து கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். சிட்டிபாபுவுக்கு மனசு நிறையவில்லை. அரசியல்வாதி ஆகப்போகிறவர் அல்லவா? "எல்லாப் பக்கமும் தப்புதான்னு ஆயிடணும் சார். ஒண்ணு மட்டும் தப்புன்னா நாங்க சொல்ல வெச்ச மாதிரி இருக்கும்," என்றார். "பூவம்மா வீட்டுப் பக்கமும் தப்புதானே? அந்தக் குப்பைக்காரப் பொம்பளையக் கூப்பிடுங்க. அதையும் சொல்லச் சொல்லுங்க, முடிஞ்சிது."

அங்காளம்மாள் கேட்டு ஓரத்தில் வண்டியோடு நின்றிருந்தாள். யக்ஞநாராயணன் கை காட்டினார். பச்சைக் கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு வந்து நின்றாள்.

"அங்காளம்மா, பூவம்மா உன்ன வீட்டுக்குள்ள உட்கார வெச்சு டம்ளர்லதானே டீ குடுத்தாங்க? ஆமான்னு சொல்லிட்டுப் போ."

அங்காளம்மாள் பூவம்மாளைப் பார்த்தாள். பூவம்மாளின் கண் கெஞ்சிற்று. இல்லை, அதட்டிற்று. மொட்டைமாடியிலிருந்து அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை.

"சார், எனக்கு இந்தத் தெருவுல கல்லும் இல்ல, நெழலும் இல்ல. நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்?"

"அட, ஒரு வார்த்தைதானேம்மா..."

"அக்கா கை கொழம்பு நல்லாருக்கும். இல்லன்னு சொல்லல. எம் பொண்ணு வயசுக்கு வந்தப்ப வஞ்சிரம் நாலு துண்டு குடுத்தனுப்புச்சு. ஆனா குந்துன்னு சொன்னது படிக்குக் கீழதான். டீ குடுத்தது கப்புலதான். குடிச்சிட்டு அந்தக் கப்ப நானே கசக்கி, என் வண்டியிலயே போட்டுக்கினு போவேன். அக்காவுக்கு அந்த வேலையும் வெச்சதில்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டுக் குப்பை எந்த டப்பாவில் என்று சொல்வது போலச் சொன்னாள்.

பூவம்மாள் புடவைத் தலைப்பை எடுத்து மூஞ்சியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிட்டிபாபுவின் பக்கம் திரும்பினாள்.

"அவ சொல்றது மெய்யி. நான் சொன்னதுதான் பொய்யி."

"பூவம்மா!" என்றார் யக்ஞநாராயணன்.

"சொம்புதான் சார். பச்ச சொம்பு. செடிக்கு ஊத்துறது. கேட்டாண்ட நின்னு கைய ஏந்திக்கினு குடிச்சேன், இருபது வருசம். அவ கப்ப கசக்கிப் போட்டாளே, எனக்கு அதுகூட இல்ல, கைய ஒதறிக்கினு வந்தேன். போதுமா? டேய் தம்பி, நீ எழுதனது கரெக்டுடா."

சந்திரிகா எழுந்துவிட்டாள். "இனிமே அந்தக் கல்லு பக்கம் வந்தா பாரு!"

"வர்ல போம்மா. நீயே குந்திக்க. உன் நாயையும் குந்த வெச்சிக்க."

"என்னடி சொன்ன?"

"இன்னா சொன்னேன்? சோபாவுல குந்துற நாயி கல்லுல குந்தாதா?"

சிட்டிபாபு கையை ஓங்கிக்கொண்டு வந்தார். டீச்சர் குறுக்கே போய் நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. என்ன செய்வதென்று தெரியாத யக்ஞநாராயணன், முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் கைக்கு வந்ததைச் செய்தார். "பள்ளி, நேராக நில்! தேசிய கீதம்!" என்று கத்தினார். சாயங்காலம் பாடவேண்டியது. பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்களும் வேறு வழியில்லாமல் விறைத்து நின்றார்கள். சிட்டிபாபு ஓங்கிய கையை இறக்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டார். சந்திரிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடம் எங்கள் தெருவில் யாரும் யாரையும் திட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் பூவம்மாள் அந்தக் காலி நாற்காலியைக் காலால் தள்ளி அங்காளம்மாளுக்கு முன்னால் விட்டாள்.

"குந்துடி," என்றாள், திட்டுகிற குரலில்.

"எனக்கு வேல கீதுக்கா," என்று சொல்லிவிட்டு அங்காளம்மாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்காலியை டீச்சர்தான் திரும்பத் தூக்கிப் போனாள். அட்டையையும் அவளே கழற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். சிட்டிபாபு எழுதிப்போட்டதில் ஜோதிலட்சுமி டீச்சரைத் தண்டனையாக வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். மாற்றிய பள்ளி படப்பையில் அவள் வீட்டுக்குப் பின்தெரு. எழுதிப்போட்டவருக்கு அது தெரியாது. தை மாதத்தில் ஒரகடத்தில் வேலை பார்க்கிற பையனோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை. நான்காம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் போய்வந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லமாட்டேன். நல்ல கையெழுத்துக்காரன். அடுத்த ஜூனில் அவனைப் பல்லாவரம் பக்கம் பஸ் வந்து அழைத்துப் போகிற பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். யக்ஞநாராயணன் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். தேர்தல் இன்னும் வரவில்லை.

கல்லில் வைத்த குரோட்டன்ஸ் ஏழில் ஐந்து காய்ந்துவிட்டன. சந்திரிகா போனில் ஆப் போட்டு மீன் வரவழைத்துப் பார்த்தாள். பெட்டியில் வருகிறது, செவுள் பார்க்க வழியில்லை. இப்போது ஸ்கூட்டரில் எங்கோ போய் வாங்கி வருகிறாள். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். வஞ்சிரத் துண்டின் வெட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

பூவம்மாள் நிஷாவைக் கூட்டிக்கொண்டு பெரும்பாக்கத்துக்கு வாடகைக்குப் போய்விட்டாள். குடியிருப்பு வாசலில் மதகுத் திட்டு ஒன்று இருக்கிறது, அதில்தான் இப்போது வியாபாரம். அங்காளம்மாள் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது மாதம் அங்காளம்மாள் நின்று, காரப்பொடி என்ன விலை என்று கேட்டாளாம். விலையைச் சொன்ன பூவம்மாள், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாளாம். பழைய சிரிப்பெல்லாம் இல்லை என்கிறார்கள். மத்தியானத்தில் எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வருகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் பேப்பர் கப்தான். அந்தக் கடையில் வேறு கிடையாது.